நிலவியல், புவி இயற்பியல் படிப்பைத் திட்டமிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும், நிலவியல் படிக்க விரும்பும் மாணவர்கள் சிலர் பெற்றோருடன் என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். நிலத்தடி நீர் ஆய்வையே தொழிலாகக் கொண்ட எனக்கு அவர்களுடைய ஆர்வம் மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. ஆனால், என் தலைமுறையினர் சறுக்கிய அதே இடங்களில் அவர்களும் கால் வைப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. விண்ணப்பத்தின் கடைசி நாள், சான்றிதழ் நகல், விடுதிக் கட்டணம் ஆகியவற்றைக் கல்லூரி அலுவலகமே நினைவூட்டிவிடும் என்பதால், யாரும் எடுத்துச் சொல்லாத தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதுநிலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வின் வழியாகத்தான் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அறிவியலாளர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அதற்கு முதுநிலைப் பட்டம் கட்டாயம். ஆகவே, முதல் நாளிலிருந்தே இதை மூன்றாண்டுப் படிப்பாக எண்ணாமல் ஐந்தாண்டுப் படிப்பாக எண்ணித் திட்டமிட வேண்டும்.

கணிதத்தைக் கைவிடுவது

இத்துறைக்கு வருவோர் செய்யும் தவறுகளிலேயே மிகுந்த விலை கொடுக்க வைப்பது இதுதான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் தணியாத தவறும் இதுவே. நிலவியல் என்றால் பாறைகளின் பெயர்களையும் புவிக்காலங்களின் வரிசையையும் மனப்பாடம் செய்யும் படிப்பு என்ற எண்ணம் பள்ளிக் காலத்திலேயே படிந்துவிடுகிறது. பிளஸ் டூ-வில் கணிதம் இல்லாத அறிவியல் பிரிவில் படித்தவர்களையும் இளநிலை நிலவியலில் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் இருப்பதால், அந்த எண்ணம் மேலும் உறுதிப்படுகிறது. பிறகு, அல்லைடு என்று மாணவர்கள் அழைக்கும் துணைப்பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வரும்போதும், மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று சீனியர்கள் சொல்லும் பாடத்தையே எடுக்கிறார்கள். மூன்றாம் ஆண்டில், இயற்பியல் அளவீடுகளால் நிலத்தடியை ஆராயும் புவி இயற்பியலின் மீது ஆசை பிறக்கும்போது, அதற்குரிய அடித்தளம் தங்களிடம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியவருகிறது.

புவி இயற்பியல், நிலவியலின் மீது பின்னர் கட்டிக்கொள்ளும் மாடி அறை அன்று. நில அதிர்வு அலைகளைப் பகுத்தறிய, அலையை அதன் அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் உருமாற்றமும், ஈர்ப்பு, காந்தப்புல அளவீடுகளைப் புரிந்துகொள்ள லாப்லாஸ் சமன்பாடும், அளவீட்டிலிருந்து நிலத்தடி அமைப்பை ஊகிக்க அணிக் கணிதமும் தேவைப்படுகின்றன. மேற்சொன்ன புவி அறிவியலாளர் தேர்வில் புவி இயற்பியலாளர் பணிக்கு இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர் விண்ணப்பிக்கலாம். நிலவியலில் மட்டும் முதுநிலைப் பட்டம் பெற்றவருக்கோ நிலவியலாளர், நிலத்தடி நீர் நிலவியலாளர் பணிகள்தான் உரியவை. இந்த ஒரு விதியை மட்டும் பதினேழு வயதில் ஒரு மாணவருக்கு யாராவது படித்துக் காட்டியிருந்தால், அவருடைய பாடத் தேர்வே வேறாக இருந்திருக்கும்.

கணிதம் இல்லாவிட்டாலும் மென்பொருள் இருக்கிறதே என்று சிலர் வாதிடுகிறார்கள். தருமபுரிப் பக்கம் ஒரு விவசாயியின் ஆழ்துளைக் கிணற்றுக்காக, நிலத்தில் மின்சாரம் செலுத்தி அடுக்குகளை ஊகிக்கும் மின்தடை ஆய்வு செய்த முதுநிலை மாணவர் ஒருவர் தம் அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தார். மேலே பத்து மீட்டருக்கு உலர்ந்த மண், அதன் கீழே 20 ஓம்-மீட்டர் மின்தடையுள்ள சிதைந்த பாறை 6 மீட்டர், அதற்கும் கீழே கெட்டிப் பாறை என்று மென்பொருள் காட்டியிருந்தது. பிழை விகிதமும் மிகக் குறைவு. அந்தச் சிதைந்த பாறை 30 ஓம்-மீட்டர் மின்தடையுடன் 9 மீட்டர் தடிமனாக இருந்தாலும் அளவீட்டில் ஏறத்தாழ இதே வளைகோடுதான் கிடைக்கும் என்று நான் சொன்னபோது, அவரால் நம்ப முடியவில்லை. மேலும் கீழும் மின்தடை மிகுந்த அடுக்குகளுக்கு நடுவே மின்தடை குறைந்த மெல்லிய அடுக்கு ஒன்று இருந்தால், தடிமனை மின்தடையால் வகுத்துக் கிடைக்கும் ஈவைத்தான் மேற்பரப்பில் செய்யும் அளவீடு நன்றாகக் காட்டுமே தவிர, அவ்விரண்டையும் தனித்தனியே பிரித்துக் காட்டாது. ஆறை இருபதால் வகுத்தாலும் ஒன்பதை முப்பதால் வகுத்தாலும் 0.3 என்ற ஒரே விடைதான் வருகிறது. இந்த வகுத்தலை உணராத மாணவருடைய அறிக்கையை நம்பி, சிதைந்த பாறை சரியாமலிருக்கத் துளைக்குள் இறக்கும் கேசிங் பைப்பைக் கணக்காக வாங்கி வைத்திருந்த விவசாயி, ரிக் வண்டி நிற்கும் நேரத்தில் கூடுதல் பைப்புக்காக அலைய நேர்ந்தது. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் முக்கால் பங்குக்கு நெருக்கமான பகுதி கடினப் பாறையால் ஆனது. இத்தகைய கேள்வி நம் மாநிலத்தில் அன்றாடம் எழக்கூடியது.

ஆகவே, துணைப்பாடமாகக் கணிதமும் இயற்பியலும் கிடைக்கும் கல்லூரியைத் தேடிச் சேருங்கள். கிடைக்காவிட்டால், நுண்கணிதம், அணிகள், ஃபூரியர் தொடர் ஆகியவற்றை ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் திட்டத்தின் இலவச வகுப்புகளில் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் படித்துவிடுங்கள். ஆனால், சில முதுநிலைப் படிப்புகளின் சேர்க்கை விதி, பட்டப்படிப்பிலேயே கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். புவி இயற்பியல்தான் இலக்கு என்பதில் ஐயமே இல்லாதவர்கள், இளநிலையில் இயற்பியலை எடுத்துவிட்டு முதுநிலையில் இத்துறைக்கு வருவதே நல்லது என்பது என் கருத்து.

ஐஐடி வழியைத் தாமதமாக அறிவது

கரக்பூர், ரூர்க்கி, தன்பாத் ஐஐடிகளில் ஜேஇஇ அட்வான்ஸ்டு நுழைவுத் தேர்வின் வழியே பிளஸ் டூ முடித்த கையோடு சேரக்கூடிய நிலவியல், புவி இயற்பியல் படிப்புகள் உண்டு. இதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே அறிந்திருக்க வேண்டும்.

களப்பணியைச் சுற்றுலாவாகக் கருதுவது

அரியலூர்ப் பகுதியின் கிரீத்தேசியம் என்னும் பழைய புவிக்காலத்துக் கடற்படிவுகள், பல்லாவரத்துச் சார்னோகைட், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் என்று உலக நிலவியலாளர்கள் தேடி வரும் பாறைகள் நமக்குப் பேருந்துத் தொலைவில் இருக்கின்றன. அங்கே சென்று நத்தைப் புதைபடிவங்களைப் பொறுக்கி, சுத்தியலுடன் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் மாணவரால், பாறை அடுக்கு நீளும் திசையான ஸ்ட்ரைக், அது சாயும் அளவான டிப் ஆகியவற்றைக் கிளினோமீட்டர் என்ற சாய்வுமானியில் எடுத்து வரைபடத்தில் குறிக்க முடிவதில்லை. முதுநிலையில் தொலையுணர்வு, ஜிஐஎஸ் என்னும் கணினி வரைபட முறை ஆகியவற்றில் சான்றிதழ்கள் எத்தனை சேர்த்தாலும் இந்தக் குறை அவற்றால் தீர்வதில்லை. செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கோடு பிளவா, பிளவில் பாறைக்குழம்பு புகுந்து உறைந்த டைக்கா, வெறும் வேலியா என்று தீர்மானிக்க, தரையில் நடந்த கால்கள் தேவை. கல்லூரியில் சேருமுன் ஆண்டுக்கு எத்தனை நாட்கள் களப்பணி என்றும், மாணவரே தனியாக வரைபடம் தயாரிக்க வேண்டுமா என்றும் துறையில் நேரில் கேளுங்கள்.

கேட் தேர்வில் பிரிவைக் கடைசியில் தேர்ந்தெடுப்பது

எம்.டெக். போன்ற உயர்படிப்புச் சேர்க்கைக்கு உதவும் கேட் தேர்வின் நிலவியல்–புவி இயற்பியல் தாளில், பொதுப் பகுதிக்குப் பிறகு நிலவியல், புவி இயற்பியல் ஆகிய இரண்டில் ஒரு பிரிவையே எழுத வேண்டும். அது எது என்பதை முதுநிலை முதலாண்டிலேயே முடிவு செய்யுங்கள்.