கேஸ் ஸ்டேஷன் கார்டு: பில் கட்டும் முறையும் கேலனுக்கான தள்ளுபடியும்

அமெரிக்காவில் கேஸ் ஸ்டேஷன் (பெட்ரோல் பங்க்) பெயர் போட்ட கிரெடிட் கார்டு உங்கள் கைக்கு வந்துவிட்டது, ஆக்டிவேட்டும் செய்தாயிற்று. அதற்கு அப்புறம் செய்ய வேண்டியவை இவை.

படி 1: கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்னால் எண்ணெய் நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் கடன் கொடுப்பது ஒரு வங்கிதான். எக்ஸான்மொபில் ஸ்மார்ட் கார்டு பிளஸ் என்றால் சிட்டி. செவ்ரான், டெக்ஸகோவின் டெக்ரான் அட்வான்டேஜ் என்றால் சின்க்ரொனி. பில் கட்டுவது அந்த வங்கியின் கார்டு தளத்தில். அங்கே ஒரு கணக்குத் தொடங்கி, உங்கள் செக்கிங் அக்கவுண்டின் (அன்றாடச் செலவுக்கான வங்கிக் கணக்கின்) ரூட்டிங் நம்பரையும் (வங்கியை அடையாளம் காட்டும் எண்) அக்கவுண்ட் நம்பரையும் சேர்த்துவிடுங்கள்.

படி 2: ஆட்டோபே, அதாவது பில் தானாகவே கட்டப்படும் வசதியைப் போடுங்கள். மினிமம் பேமென்ட், ஸ்டேட்மென்ட் பேலன்ஸ் என்று வரும் தேர்வுகளில் ஸ்டேட்மென்ட் பேலன்ஸைத்தான் (பில்லின் முழுத் தொகை) எடுக்க வேண்டும். இந்தக் கார்டுகள் பலவற்றில் ஆண்டு வட்டி 30 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. 100 டாலரை ஒரு மாதம் பாக்கி வைத்தால் வட்டி சுமார் இரண்டரை டாலர். கேலனுக்கு 10 சென்ட் தள்ளுபடியில் 12 கேலன் போட்டால் மிச்சமாவது 1.20 டாலர். இரண்டு முறை டேங்க் நிரப்பிச் சேர்த்தது அந்த வட்டியிலேயே போய்விடும்.

ஆட்டோபே பெரும்பாலும் அடுத்த பில்லிலிருந்துதான் வேலை செய்யும். இந்த மாத பில் ஏற்கெனவே வந்திருந்தால் அதைக் கையால் கட்டிவிடுங்கள். உங்கள் வங்கியின் பில்பே வசதி வழியாகக் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சில வங்கிகள் அதற்குக் காகிதச் செக்கைத் தபாலில் அனுப்புகின்றன. கெடு தேதி நெருங்கும்போது அதை நம்பி இருக்க முடியாது.

படி 3: தள்ளுபடியை இணைப்பது. எனக்குச் சிக்கல் வந்தது இங்கேதான், அதனால் பொறுமையாகப் படியுங்கள். கார்டுக்கான வங்கிக் கணக்கு வேறு, எண்ணெய் நிறுவனத்தின் ரிவார்ட்ஸ் கணக்கு வேறு. பல நிறுவனங்களில் இரண்டும் தாமாகச் சேர்ந்துகொள்வதில்லை. ரிவார்ட்ஸ் ஆப்பில் உங்கள் ஃபோன் நம்பரைப் பதிந்து, அதே கணக்கில் கார்டையும் சேருங்கள். பம்பில் ரிவார்ட்ஸ் நம்பர் கேட்டால் முதலில் அதைக் கொடுங்கள், பிறகு கார்டைச் செருகுங்கள். நாசிலை (பம்பின் குழாய் முனையை) எடுப்பதற்கு முன் திரையில் கேலன் விலை இறங்கியிருக்கிறதா பாருங்கள். உங்கள் கார்டு பம்பிலேயே விலையைக் குறைக்கும் வகையாக இருந்தும் இறங்கவில்லை என்றால் கேன்சல் அழுத்தி மறுபடி தொடங்குங்கள். எரிபொருள் ஓடத் தொடங்கிய பிறகு அந்தத் தள்ளுபடியைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு. சில கார்டுகள் பம்பில் குறைக்காமல் ஸ்டேட்மென்டில் கழிக்கும். எது என்று கார்டோடு வந்த தாளில் இருக்கும்.

ஒரே தடவையில் இத்தனை கேலன் வரைதான் தள்ளுபடி என்ற வரம்பும் உண்டு, 20 கேலன் வழக்கமான ஒன்று. சாதாரண காருக்கு அது தாராளம்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்ட இரண்டு விஷயங்கள்.

40 டாலருக்குப் போட்டால் 175 டாலர் பெண்டிங் என்று காட்டுகிறதே? விசா, மாஸ்டர்கார்டு முத்திரை உள்ள கார்டுகளில் பம்ப் முன்கூட்டியே ஒரு தொகையைப் பிடித்து வைக்கும்; 2022 முதல் அது 175 டாலர் வரை போகலாம். போட்ட தொகை பதிவானதும் அது விலகிவிடும், பில்லில் சேராது. கார்டின் கடன் லிமிட் குறைவாக உள்ளவர்கள் உள்ளே போய் கேஷியரிடம் தொகையைச் சொல்லிக் கட்டுவது நல்லது.

பம்ப் கார்டை மறுக்கிறது என்றவர்களுக்கு: அது கேட்பது பில் முகவரியின் ஜிப் கோடு (நம்மூர் பின்கோடு போன்றது). வீடு மாறியிருந்தால் முதலில் வங்கியில் முகவரியை மாற்றுங்கள். ரிவார்ட்ஸ் ஆப்பில் மட்டும் மாற்றினால் பம்புக்குத் தெரியாது.