மல்டிமீட்டரில் கரண்ட் பார்க்க, முதலில் வயரைப் பிரியுங்கள்

மதுரை டவுன்ஹால் ரோட்டில் மலிவு மல்டிமீட்டர் வாங்கிப் போகிற பிள்ளைகள் பலர், வோல்ட் பார்க்கிற மாதிரியே பேட்டரியின் இரு முனையிலும் குச்சியை வைத்துக் கரண்ட் பார்க்கிறார்கள். வைத்த கையோடு ஃப்யூஸ் போய்விடும். கரண்ட் அளவையில் மீட்டரின் மின்தடை மிகக் குறைவு. ஷார்ட் செய்த மாதிரிதான்.

சர்க்யூட்டில் ஓரிடத்தில் வயரைப் பிரித்து, அந்த இடைவெளியில் மீட்டரைச் சேருங்கள். ஓடுகிற கரண்ட் முழுவதும் அதற்குள் புகுந்து வர வேண்டும். தொடர் இணைப்பென்றால் எங்கே பிரித்தாலும் ஒரே அளவுதான்.

எவ்வளவு ஓடும் என்று தெரியாவிட்டால் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகித் தொடங்குங்கள். 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்இடி என்றால் 15 மில்லிஆம்பியர் பக்கம் வரும். அதற்கு மில்லிஆம்பியர் துளையே போதும். மைனஸ் காட்டினால் குச்சிகள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

அளந்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மலிவு மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு ஃப்யூஸே கிடையாது!

வீட்டு 230 வோல்ட் லைனில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். அதற்கு, வயரைப் பிரிக்காமல் வெளியே சுற்றிப் பிடித்தே கரண்ட் பார்க்கிற கிளாம்ப் மீட்டர் இருக்கிறது. அந்த மீட்டரின் வாய்க்குள் ஒற்றை வயரை மட்டும் பிடியுங்கள். போகிற வயரையும் வருகிற வயரையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும்.