விற்ற பிறகு தொடங்கும் வேலை: சிறு மென்பொருள் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் மென்பொருள் தொழில் செய்கிறவர்களில் பலர் இரண்டு மூன்று பேராகத்தான் இருப்பார்கள். வீட்டு முன்னறையிலோ, மத்திய வீதிப் பக்கம் ஒரு மாடி அறையிலோ கந்தோர் இருக்கும். வாடிக்கையாளர்களும் தெரிந்த முகங்கள்தான்: ஹாட்வெயார் கடை, பார்மசி, தம்பலகாமத்து அரிசி ஆலை, ரியூட்டரி, நிலாவெளி உப்புவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதி. கேட்பது பில் மெஷினுக்கு ஒரு மென்பொருள், இருப்புக் கணக்கு, அறைப் பதிவு, ஒரு இணையத்தளம்.

இந்தத் தொழிலில் கோடு, அதாவது கணினி நிரல், எழுதத் தெரியாமல் கடையை மூடியவர்கள் குறைவு. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் மூடிவிட்டுக் கொழும்புக்கோ கட்டாருக்கோ போகிறார்கள். காரணம், விற்பதற்கு முன் செய்யும் வேலைக்கு விலை போடுகிறார்கள், விற்ற பிறகு வரும் வேலைக்குப் போடுவதில்லை. கீழே உள்ள தவறுகளில் பாதிக்கு மேல் இதன் கிளைகள்தான்.

ஒருமுறை காசு, ஆயுள் முழுக்கச் சேவை

கடைக்காரர் மென்பொருளை ஃபிரிட்ஜ் வாங்குவது போல வாங்குகிறார். காசு கொடுத்தாயிற்று, இனி அது ஓட வேண்டும், ஓடாவிட்டால் விற்றவன் வர வேண்டும். அவரில் பிழை இல்லை. அப்படி இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இரவு எட்டரைக்கு, கடை பூட்டும் நேரத்தில், தொலைபேசி வரும். "தம்பி, பில் வருகுதில்லை. பேப்பர் வெறுமனே வருது." வெப்பத்தில் அச்சிடும் அந்தத் தாளில் ஒரு பக்கத்தில்தான் இரசாயனப் பூச்சு உண்டு. சுருளைப் புரட்டிப் போட்டால் எவ்வளவு நல்ல மென்பொருளும் வெள்ளைத் தாளைத்தான் தரும். நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்க்கச் சொல்லுங்கள், கறுப்புக் கோடு விழுகிற பக்கம்தான் அச்சு விழும் பக்கம். போனிலேயே முடிகிற விசயம். ஆனால் அவர் போனில் கேட்க மாட்டார், "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்பார். கடை கிண்ணியாவில் என்றால், 2009இல் பாலம் திறந்த பிறகு பாதைப் படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லைதான், ஆனாலும் போய்ப் பார்த்து, தேத்தண்ணி குடித்து, "வந்ததோட இதையும் ஒருக்காப் பாருங்கோ" என்பதையும் பார்த்துத் திரும்ப அரை நாள் போய்விடும். அந்த அரை நாளுக்கு யார் காசு?

கொட்டேஷனில் வருடப் பராமரிப்பைத் தனி வரியாகப் போடுங்கள். மென்பொருளின் விலையில் 15 முதல் 20 சதவீதம் வரை கேட்பது தொழிலில் பரவலான வழக்கம். முதல் வருடம் இலவசம் என்றால் அதையும் தொகையோடு எழுதி, பிறகு கழித்துக் காட்டுங்கள். வெறுமனே "முதல் வருடம் இலவசம்" என்று எழுதினால் இரண்டாம் வருடம் நீங்கள் புதிதாகக் காசு பிடுங்குகிறவர் ஆகிவிடுவீர்கள். எத்தனை மணி வரை போன் எடுப்போம், வருடத்துக்கு எத்தனை தடவை நேரில் வருவோம், எனிடெஸ்கில், அதாவது இருந்த இடத்திலிருந்தே அவர் கணினிக்குள் போகும் மென்பொருளில், பார்ப்பது எதில் சேரும் என்பதையெல்லாம் எழுதுங்கள். எது சேராது என்பதை அதைவிடப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: விண்டோஸ் திரும்பப் போடுவது, வைரஸ், பிரின்டர் பழுது, மகன் கேம் ஏற்றிக் கணினி மெதுவானது.

வரி வீதத்தைக் கோடுக்குள் எழுதுவது

இந்த நாட்டில் வற் எனும் பெறுமதி சேர் வரி 2019 டிசம்பரில் 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. நாலு வருடம் சொச்சத்தில் நாலு மாற்றம். வீதத்தை ஒரு எண்ணாகக் கோடுக்குள் எழுதியவர்கள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கடைக்கும் ஓடினார்கள், அதுவும் மாதத்தின் முதலாம் திகதி காலையில், எல்லாக் கடைக்கும் ஒரே நேரத்தில்.

அமைப்புப் பக்கத்தில் வீதத்தை மாற்ற ஒரு பெட்டி வைத்தால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். வீதத்தை மாற்றிய பிறகு பழைய பில்லைத் திரும்ப அச்சிட்டுப் பாருங்கள். 12 சதவீதத்தில் போட்ட பில் 15இல் வந்தால் கணக்காளர் உங்களைத்தான் தேடுவார். ஒவ்வொரு வீதத்துக்கும் தொடங்கும் திகதி வேண்டும், ஒவ்வொரு பில்லிலும் அன்று பாவித்த வீதம் சேமிக்கப்பட வேண்டும். எல்லாக் கடையும் வற் பதிவு செய்ததும் இல்லை. பதிவுக்கான வருட விற்பனை எல்லையே 2024 ஜனவரியில் 80 மில்லியனிலிருந்து 60 மில்லியன் ரூபாவாக இறக்கப்பட்டது. பதிவில்லாத கடை பில்லில் வற் அறவிடக் கூடாது. இன்று பதிவில்லாத கடை நாளை பதிவு செய்யவும் கூடும், ஆகவே வரியை முழுதாக நிறுத்தவும் போடவும் ஒரு வழி வைத்திருங்கள்.

ரூபாவில் வாக்குக் கொடுத்து டொலரில் கட்டுவது

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா சொச்சம். மே மாதத்தில் 360ஐத் தொட்டது. "மூன்று வருட ஹோஸ்டிங் (இணையத்தளத்துக்கான சேர்வர் வாடகை) சேர்த்து" என்று ரூபாவில் மொத்த விலை பேசியவர்களுக்கு அந்த வருடம் கையிலிருந்துதான் போனது. சேர்வர், டொட் கொம் பெயர், மின்னஞ்சல் சேவை என்று நாம் கட்டுவது பெரும்பாலும் டொலரில். கொட்டேஷனில் விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்று எழுதுங்கள். புதுப்பித்தல் கட்டணம் அன்றைய நாணய மாற்று விலையில் என்று ஒரு வரி சேருங்கள். கேட்கிறவர் முகம் சுளிப்பார், ஆனால் சீமெந்து விலையை அவரும் அப்படித்தான் சொல்கிறார்.

வெளிநாட்டு வேலை எடுப்பவர்கள், காசு எந்த வழியில் வரும் என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். இணையவழிக் கொடுப்பனவுச் சேவையான ஸ்ட்ரைப்பில் இலங்கை முகவரியில் கணக்குத் திறக்க வழியில்லாமல், பேபாலில் காசு அனுப்பலாம் ஆனால் வாங்க முடியாது என்று இருந்து, வேலையை முடித்துக் கொடுத்த பிறகு தலையைச் சொறிந்தவர்கள் உண்டு. வங்கி வழியாக வருகிற காசில் இடைவழிக் கட்டணம் வெட்டுப்படும். அது யார் பொறுப்பு என்பதும் இன்வொய்ஸில் இருக்கட்டும்.

கடன் கொப்பியைப் பார்க்காமல் விலை சொல்வது

ஹாட்வெயார் முதலாளி சொல்வார்: "பில் போடோணும், ஸ்டொக் தெரியோணும், அவ்வளவுதான்." பிறகு, எல்லாம் முடியும் நேரத்தில், "தம்பி, கடனுக்குக் குடுக்கிறதையும் சேர்த்து விடுங்கோ, சின்ன வேலைதானே."

சின்ன வேலை இல்லை. மேசை லாச்சிக்குள் இருக்கும் கடன் கொப்பியை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். மேசன் ஒருவர் சாமான் எடுத்திருப்பார், பாதிக் காசு கொடுத்திருப்பார். மிஞ்சிய இரண்டு மூட்டை சீமெந்தைத் திருப்பித் தந்திருப்பார். வீட்டுக்காரர் வேறொரு நாள் அவருக்காகச் செக் கொடுத்திருப்பார், அது திரும்பி வந்திருக்கும். முதலாளி ஒரு தொகையை வெட்டிவிட்டுப் பக்கத்தில் கையெழுத்து வைத்திருப்பார். பகுதிக் கொடுப்பனவு, திருப்பிய சாமான், மூன்றாம் ஆளின் காசு, திரும்பிய செக், தள்ளுபடி, பழைய கொப்பியிலிருந்து கொண்டுவர வேண்டிய மிச்சம் என்று இதற்குள் ஆறு தனி வேலை இருக்கிறது. இதைச் செய்யாத மென்பொருளை அந்தக் கடை பாவிக்காது. கொப்பியும் கணினியும் கொஞ்சக் காலம் சேர்ந்து ஓடும், பிறகு கொப்பி வெல்லும்.

ஆகவே முதல் சந்திப்பில் மடிக்கணினியைத் திறக்காதீர்கள், கொப்பியைக் கேளுங்கள். பார்த்ததை எழுதி, "இவ்வளவும் இந்த விலைக்குள், மற்றது தனி" என்று கையெழுத்து வாங்குங்கள். மாமாவின் கூட்டாளி, கோயில் சபையில் தெரிந்தவர் என்று வருகிறவருக்கு எழுத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கும். தெரிந்தவருக்கு விலையைக் குறையுங்கள், எழுத்தைக் குறைக்காதீர்கள்.

அட்வான்ஸ் இல்லாமல் தொடங்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கடைசித் தவணையைப் பற்றி மட்டும் ஒன்று. அதை "வேலை திருப்தியாக முடிந்ததும்" என்று எழுதினால் அது வராது, திருப்திக்கு எல்லை கிடையாது. முதல் உண்மையான பில் போட்ட நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் என்று எழுதுங்கள்.

தமிழைக் கடைசியில் பார்க்கலாம் என்பது

ரியூட்டரி ஒன்று மாணவர் பட்டியலை எக்செல் கோப்பாக அனுப்பும். திறந்தால் தமிழ் அழகாகத் தெரியும். மென்பொருளுக்குள் ஏற்றினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை வரும். காரணம் பாமினி. அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்து என்று கணினிக்குத் தெரிந்த எதுவும் இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். பாமினியில் "அம்மா" என்று தெரிவது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். தேடினால் கிடைக்காது, அகர வரிசையில் அடுக்கினால் தாறுமாறாகும். தமிழ் எழுத்துக்கெனத் தனிக் குறி உள்ள யுனிகோடுக்கு மாற்றக் கருவிகள் உண்டு. ஆனால் ஒரே கலத்தில் தமிழ்ப் பெயரும் ஆங்கில முதலெழுத்தும் கலந்திருந்தால் அந்த ஆங்கிலத்தையும் கருவி தமிழாக்கிவிடும். மாற்றிய பிறகு மனிதர் ஒருவர் இருந்து வாசிக்க வேண்டும். அந்த வேலைக்கும் கொட்டேஷனில் ஒரு வரி வேண்டும், இலங்கையில் தமிழில் இருக்கும் பழைய கோப்புகளில் பாமினி அவ்வளவு பரவிக் கிடக்கிறது.

தரவுத்தளத்தின் எழுத்து முறையை யுனிகோடுக்கு ஏற்ப அமைக்காவிட்டால் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகச் சேமிக்கப்படும். பிறகு அவற்றை மீட்க முடியாது. பில் பிரின்டர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. பில்லைப் படமாக்கி அனுப்பினால்தான் தமிழ் விழும், அப்படி அனுப்பினால் அச்சு மெதுவாகும். வரிசையில் ஆட்கள் நிற்கும் கடையில் இதைப் பாவித்துக் காட்டிவிட்டு விலை பேசுங்கள்.

சீசன் நடுவில் புது மென்பொருள்

நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்குச் சீசன் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. ஓகஸ்டில் வந்து "இப்பவே போட்டுத் தாங்கோ" என்பார்கள், ஏனென்றால் அப்போதுதான் ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்து அவமானப்பட்டிருப்பார்கள். மறுத்துவிடுங்கள். அறை நிரம்பி வழியும்போது வேலையாட்களுக்குப் பழக்கவும் முடியாது, பிழை வந்தால் பொறுக்கவும் மாட்டார்கள். மாரி மழை பெய்யும் மாதங்களில் அறைகளையும் விலைகளையும் ஏற்றி, மார்ச், ஏப்ரலில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். காசு மட்டும் மறுபக்கம்: சீசன் முடிவதற்குள் வாங்காத காசு அடுத்த சீசன் வரை வராது.

புக்கிங் டொட் கொம் போன்ற தளத்தையும் உங்கள் மென்பொருளையும் காலண்டர் இணைப்பால் மட்டும் கோத்தால் இரட்டைப் பதிவு முற்றாக நிற்காது. அந்த இணைப்பு உடனுக்குடன் ஓடுவதில்லை, இடைவெளி விட்டுத்தான் புதுப்பிக்கும். அதற்குள் ஒருவர் வாசலில் வந்து அறை கேட்பார். "இனி இரட்டைப் பதிவு வராது" என்று வாயால் சொல்லிவிடாதீர்கள்.

மின்சாரம், பையன்கள், கடவுச்சொற்கள்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. இப்போது அப்படி இல்லை, ஆனாலும் இணையம் இல்லாவிட்டால் பில்லே போடாத மென்பொருளை இந்த ஊரில் விற்காதீர்கள். தரவுக்கு அதே கணினியின் இன்னொரு டிரைவில் எடுத்த காப்புப் பிரதி பிரதியே இல்லை. வெளியே ஒன்று வேண்டும், அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்திருக்கவும் வேண்டும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்திலிருந்து நல்ல பிள்ளைகள் வருகிறார்கள். கொஞ்ச நாளில் வெளியூர்க் கம்பனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யப் போய்விடுவார்கள், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், அவர்கள் பங்கு 8, நம்பிக்கை நிதிக்கு உங்கள் கையிலிருந்து 3 சதவீதம், இவற்றை முதல் மாதத்திலிருந்தே கட்டுங்கள். கோடு அவர்களின் சொந்தக் கணக்கில் இல்லாமல் நிறுவனத்தின் கணக்கில் இருக்கட்டும். வாடிக்கையாளரின் இணையப் பெயரை உங்கள் பெயரிலோ பையனின் பெயரிலோ பதியாமல் அவர் பெயரில் பதியுங்கள். "எங்கட கையில இருந்தால்தானே காசு தருவினம்" என்று சிலர் பிடித்து வைக்கிறார்கள். அது அடுத்த தவறில் கொண்டுபோய் விடும்.

பூட்டுப் போடுவது

காசு தராத கடையின் மென்பொருள் ஒரு திகதியில் தானாக நிற்கும்படி மறைவாகக் கோடு எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். எனிடெஸ்க் வழியாகச் சத்தமில்லாமல் உள்ளே போய் நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். அனுமதியில்லாமல் இன்னொருவர் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். சட்டம் வரை போகத் தேவையுமில்லை. ஒரு கடையில் பில் நின்றால் பின்னேரத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிடும், காசு ஏன் பாக்கி என்ற கதை மட்டும் கூடவே போகாது.

கணக்குத் தீராதவரிடம் பராமரிப்பை நிறுத்துங்கள். இத்தனையாம் திகதியிலிருந்து போன் எடுக்க மாட்டோம், திருத்தம் செய்ய மாட்டோம் என்று முன்கூட்டியே கடிதமாகக் கொடுங்கள். தரவை எக்செலில் எடுத்து, கடவுச்சொற்களோடு ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பாக்கிக் காசை மத்தியஸ்த சபையிலோ சட்டத்தரணியின் கடிதத்திலோ கேட்கலாம், கையெழுத்திட்ட கொட்டேஷன் அங்கேதான் உதவும். பராமரிப்பைத் தனி வரியாக எழுதாதவருக்கு நிறுத்துவதற்கும் கையில் ஒன்றும் இருக்காது.