சோலார் பேனல் தூசி: துடைக்கிறேன்னு கெடுத்துக்காதீங்க

நகரி, புத்தூர் பக்கம் மொட்டை மாடில பேனல் போட்டவங்க கிட்ட கேட்டா கிரஷர் தூசியத்தான் திட்டுவாங்க, ஜல்லி லாரி ரெண்டு போனா போதும் கண்ணாடி சாம்பல் கலருக்கு வந்துரும். ஆனா தூசி தின்னுற கரண்ட்டாவது கழுவினா திரும்ப வந்துரும், தப்பா துடைச்சு கெடுத்தது வராது.

மழை பாத்துக்கும்னு விடுறதுதான் மொத தப்பு. ஐப்பசில அடிச்சு ஊத்துற மழைன்னா சரி, கழுவிரும். சும்மா நாலு தூத்தல் போட்டுட்டு போச்சுன்னா தூசி சேறாகி காய்ஞ்சு அப்பிக்கும், அதுக்கு அந்த மழை வராமலே இருந்திருக்கலாம். ராஜஸ்தான் பாலைவனத்துல, 2,245 மெகாவாட் பட்லா சோலார் பார்க் இருக்கிற மாதிரி எடங்கள்ல, பெரும்பாலும் அந்த மழையும் கிடையாது, ராத்திரி பேனல் குளிர்ந்து பனி இறங்கும், தூசி நனையும், காலைல வெயில் ஏறினதும் சுண்ணாம்பு பூசின மாதிரி இறுகிரும், அப்புறம் எந்தக் காத்துக்கும் பறக்காது. வளைகுடா பக்கம் துடைக்காம விட்டா ஒரு நாளைக்கு அரை சதவீதம் வாக்குல உற்பத்தி குறையுறதெல்லாம் சகஜம். அதான் பாலைவனத்துல தண்ணி இல்லாமலே பிரஷ் சுத்துற ரோபோவ ராத்திரில ஓட விடுறாங்க.

அதைப் பாத்துட்டு நாமளும் காஞ்ச துணிய எடுத்துத் தேய்க்கக் கூடாது. ரோபோ பிரஷ் மெத்துனு தள்ளும், அமுக்காது. நம்மூர் தூசி கருங்கல் பொடி, அமுக்கித் தேய்ச்சா வெளிச்சம் தெறிச்சுப் போகாம இருக்கப் பூசின கோட்டிங்தான் கீறும். மொதல்ல தண்ணி ஊத்தி ஊற விடுங்க, அப்புறம் மெத்து மாப். சோப்புத்தூள் வேணாம்.

தண்ணிதான் இங்க பெரிய தலைவலி, போர் தண்ணி அவ்ளோ உப்பு. காய்ஞ்சா வெள்ளைத் திட்டா நிக்கும், தூசியாவது போகும் அது போகாது, அதனால வைப்பர் போட்டு உடனே இழுத்துருங்க. ஆர்.ஓ. மெஷின்ல கழியுற தண்ணிய வீணாக்காம ஊத்துறேன்னு சில பேர் கெளம்புறாங்க, அதுல உப்பு இன்னும் ஜாஸ்திங்க! மத்தியானம் கொதிக்கிற கண்ணாடில ஊத்தினா இழுக்குறதுக்குள்ள காய்ஞ்சுரும், விரிசல் விடுற ஆபத்து வேற. விடிஞ்சதும் செஞ்சுருங்க.

கீழ் ஓரத்த யாரும் குனிஞ்சு பாக்குறதே இல்ல. நம்ம பக்கம் பேனல் சாய்வு கம்மி, தண்ணி ஃபிரேம் விளிம்புல தேங்கி ஒரு விரல் அகலத்துக்கு மண் பட்டை கட்டும். இத்தனூண்டு தானேன்னு விடாதீங்க, பேனலுக்குள்ள கரண்ட் எடுக்குற செல் எல்லாம் வரிசையா கோத்திருக்கு, ஒண்ணு மூடினா அந்த வரிசையே படுத்துரும். காக்கா எச்சமும் அப்படித்தான், அந்த எடம் சூடாகிக் கருகக்கூட செய்யும்.

இன்னொண்ணு, சித்திரைல யூனிட் குறைஞ்சா உடனே தூசி மேல பழி போடாதீங்க, பேனல் 25 டிகிரிக்கு மேல சூடாகுற ஒவ்வொரு டிகிரிக்கும் சுமாரா 0.3, 0.4 சதவீதம் தன்னால குறையும். கழுவுறதுக்கு முந்தின நாள் யூனிட்டையும் மறுநாள் யூனிட்டையும் இன்வெர்ட்டர் ஆப்புல பாருங்க, ரெண்டு நாளும் மேகம் இல்லாம ஒரே மாதிரி வெயிலா இருக்கணும், இல்லன்னா அந்தக் கணக்கு உதவாது.