பி91 குழாயில் வெல்டிங்: முதல் தடவை கை வைக்கிறவர்களுக்கு

கார்பன் ஸ்டீலில் நன்றாகக் கை ஓடுகிற வெல்டருக்கு பி91 என்ற அலாய் ஸ்டீல் குழாயைக் கொடுத்தால் பீட் (உருகி உறையும் வெல்ட் வரி) அழகாகவே விழும். எக்ஸ்ரேயிலும் பாஸ் ஆகிவிடும். ஆனாலும் அந்த ஜாயின்ட் நல்ல ஜாயின்ட் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இந்த ஸ்டீலில் ஜாயின்ட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது அது எந்த நேரத்தில் எத்தனை டிகிரியில் இருந்தது என்பதுதான், அது எக்ஸ்ரே ஃபிலிமில் தெரியாது. அதனால் இந்தப் பதிவில் டார்ச்சை விட, வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிளைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

பி91-இல் சுமார் 9 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம், கொஞ்சம் வனேடியம், நியோபியம், நைட்ரஜன் இருக்கும். 1970-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. இன்று அனல் மின்நிலையங்களின் மெயின் ஸ்டீம் லைன், ஹெட்டர் (பல குழாய்கள் வந்து சேரும் பெரிய குழாய்) எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். கல்பாக்கம் முன்மாதிரி அதிவேக ஈனுலையின் நீராவிக் கலன்களும் இதே குடும்பத்து ஸ்டீல்தான். குரோமியம் குறைவான பழைய பி22 குழாயை விட மிகவும் மெல்லிய சுவரே அதே நீராவியைத் தாங்கிவிடும்.

அந்த வலிமை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இது டெம்பர் செய்யப்பட்ட (மறுபடி சூடாக்கிக் கடினத்தைத் தணித்த) மார்டன்சைட், அதாவது சூட்டிலிருந்து ஆறும்போது ஸ்டீலில் உருவாகும் கடினமான உள்ளமைப்பு. உள்ளே மிக நுண்ணிய கார்பைடு, நைட்ரைடு துகள்கள் சரியான இடங்களில் உட்கார்ந்திருப்பதால்தான் 600 டிகிரி செல்சியஸ் அருகிலும் குழாய் மெல்ல மெல்ல நீண்டுபோகாமல் நிற்கிறது. வெல்டிங் அடிக்கும்போது அந்த அமைப்பை அங்கே கலைத்துவிடுகிறோம். மறுபடி உருவாக்கிக் கொடுப்பது நம் பொறுப்பு.

கீழே சொல்லும் எண்கள் பரவலாகப் பின்பற்றப்படுபவை. உங்கள் தளத்தின் டபிள்யூபிஎஸ் (வெல்டிங் செய்முறை) தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

1. ஃபிட்அப் (குழாய் முனைகளைப் பொருத்துவது)

எட்ஜைத் துருவும் எண்ணெயும் இல்லாமல் கிரைண்ட் செய்யுங்கள். குழாயும் ஃபில்லரும் பி91 தானா என்று உலோகக் கலவையைச் சோதிக்கும் பிஎம்ஐ கருவியால் பார்த்துவிடுங்கள், கலர் கோடை மட்டும் நம்ப வேண்டாம். ரூட் கேப் (அடியில் இரண்டு முனைக்கும் நடுவே விடும் இடைவெளி) 3 மி.மீ. அளவுக்கு வையுங்கள். குழாய்மேல் ஆர்க் தட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். ஆர்க் பட்ட அந்தச் சின்னப் புள்ளி நொடியில் ஆறி, கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும். விரிசல் அங்கிருந்து தொடங்கலாம்.

2. பர்ஜிங்

குரோமியம் இவ்வளவு இருக்கும்போது உள்பக்கம் காற்று இருந்தால் ரூட் (அடியில் விழும் முதல் பீட்) கருகிக் கரடுமுரடாகிவிடும். அதனால் குழாய்க்குள் ஆர்கான் நிரப்ப வேண்டும். தண்ணீரில் கரையும் பேப்பரால் ஜாயின்ட்டின் இரு பக்கமும் அணை கட்டுங்கள். ஹீட்டிங் பேட் சூட்டில் பேப்பர் எரியாதபடி அணை தள்ளியே இருக்கட்டும். ஆக்ஸிஜன் மீட்டர் இருந்தால் 0.1 சதவீதத்துக்குக் கீழே வந்தபின் தொடங்கலாம். ரூட் முடிந்ததும் பர்ஜிங்கை நிறுத்திவிடாதீர்கள், அடுத்த லேயரும் முடியட்டும்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. ஆர்கான் காற்றை விட கனமானது, வாசனை இல்லாதது. பர்ஜ் செய்த பெரிய குழாய்க்குள் தலையை விட்டு ரூட் பார்க்கப் போனால் மூச்சுத் திணறுவது கூடத் தெரியாமல் மயங்கிவிடுவீர்கள்.

3. ப்ரீஹீட் (வெல்டிங்குக்கு முன் சூடாக்குவது)

குறைந்தது 200 டிகிரி. கேஸ் டார்ச்சால் ஒரு பக்கம் மட்டும் காட்டுவது வேண்டாம், சுற்றிலும் மின்சார ஹீட்டிங் பேட் கட்டி, தெர்மோகப்பிள் பொருத்தி, ரெக்கார்டரில் சார்ட் ஓடட்டும். வெளிச்சுவர் 200 காட்டியதும் ஆரம்பித்துவிடாமல் சூடு உள்சுவர் வரை போகக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். இடையில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதை ஆர்க் போடும் முன்பே முடிவு செய்யுங்கள். ஜெனரேட்டர் தயாராக இல்லாத தளத்தில் நான் பி91 வேலையைத் தொடங்க விடமாட்டேன்.

4. ரூட்டும் ஃபில்லிங்கும்

ரூட்டை ஆர்கான் வெல்டிங்கில் போடுங்கள். ஃபில்லர் ஈஆர்90எஸ்-பி9. அப்புறம் ஈ9015-பி9 ராடு. புதிய பெட்டிகளில் பி91 என்று அச்சிட்டிருப்பார்கள், அதே வகைதான். பெட்டியோடு வரும் சர்டிஃபிகேட்டில் நிக்கலையும் மாங்கனீஸையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 1 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. அது ஏறினால் பின்னால் செய்யும் பிடபிள்யூஎச்டிக்கு (வெல்டிங்குக்குப் பிறகான வெப்பச் சிகிச்சை) இருக்கும் வெப்ப இடைவெளி குறுகிவிடும்.

ராடுகளை உற்பத்தியாளர் சொன்னபடி ஓவனில் பேக் செய்து, போர்ட்டபிள் ஓவனில் சூடாகவே வைத்து ஒவ்வொன்றாக எடுங்கள். கடினமான மார்டன்சைட்டில் ஹைட்ரஜன் புகுந்தால் விரிசல் விடும், அந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் ராடு குடித்த ஈரத்தில் இருந்துதான் வருகிறது.

இந்த உலோகக் குழம்பு கொஞ்சம் மந்தமாக ஓடும். ராடை அகலமாக ஆட்டி ஒரே தடவையில் நிரப்பத் தோன்றும், செய்யாதீர்கள். மெல்லிய பீட்களாகப் போட்டால் மேலே விழும் ஒவ்வொன்றும் கீழே உள்ளதை ஓரளவு டெம்பர் செய்துவிடும். பீட் முதுகு உப்பினால் ஓரத்தில் ஸ்லாக் (ராடு பூச்சு உருகி உறையும் கசடு) மாட்டிக்கொள்ளும், கிரைண்ட் செய்து தட்டையாக்குங்கள். ஆர்க்கை நிறுத்தும்போது கிரேட்டரை (பீட் முடிவில் விழும் குழி) நிரப்பிவிட்டு எடுங்கள். இன்டர்பாஸ் (அடுத்த பீட் போடும் முன் இருக்கும் சூடு) 300 டிகிரியைத் தாண்டினால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள்.

5. ஆறவிடுவது

பி22 பழகியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. வெல்டிங் முடிந்த சூட்டோடு நேராக பிடபிள்யூஎச்டிக்கு ஏற்றிவிடலாமே என்று தோன்றும். கூடாது.

உருகிய உலோகம் ஆறும்போது சுமார் 400 டிகிரியில்தான் மார்டன்சைட்டாக மாறத் தொடங்குகிறது. 200-இல் நிறுத்தினால் மாறாத ஆஸ்டெனைட் (அதிகச் சூட்டில் ஸ்டீல் இருக்கும் அமைப்பு) கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த நிலையில் பிடபிள்யூஎச்டி செய்தால், மிச்சமிருந்தது பிறகு ஆறும்போது டெம்பர் ஆகாத புது மார்டன்சைட்டாக மாறி உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அதனால் இன்சுலேஷனுக்குள்ளேயே மெதுவாக 80 முதல் 100 டிகிரி வரை இறக்கி, தடிமன் முழுதும் அந்த அளவுக்கு வர ஒரு மணி நேரம் வைத்திருங்கள்.

பிறகு தாமதிக்காதீர்கள். இந்த நிலையில் ஜாயின்ட் மிகக் கடினமாக, எளிதில் உடையக்கூடியதாக இருக்கும். மழை, பனி, தண்ணீர் எதுவும் படக் கூடாது. ஈரமும் உள்ளிருக்கும் இழுவிசையும் சேர்ந்தாலே விரிசல் விடும்.

6. பிடபிள்யூஎச்டி

இலக்கு 760 டிகிரி, இருபுறமும் 10 டிகிரி விளிம்பு. 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில், ஆனால் எப்படியும் 2 மணி நேரத்துக்குக் குறையாமல் வைப்பது நல்ல வழக்கம். 400 டிகிரிக்கு மேல் ஏற்றத்தையும் இறக்கத்தையும் மணிக்கு 100 டிகிரி அளவில் வையுங்கள், தடிமன் கூடினால் இன்னும் மெதுவாக.

கிடைமட்டக் குழாயில் சூடு மேலே ஏறுவதால் மேல்பக்கம் எப்போதும் அதிகம் காட்டும். மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி தெர்மோகப்பிளும் தனித்தனி கன்ட்ரோலும் வேண்டும். குழாயின் திறந்த முனைகளை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே காற்று ஓடி ஒரு பக்கத்தைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும்.

வெப்பம் குறைந்துபோனதா, கூடிப்போனதா என்பது இங்கே ஒரே மாதிரியான தவறு அல்ல. 720-இலேயே நின்றுவிட்டால் மறுபடி சரியாகச் செய்து மீட்டுவிடலாம். ஆனால் 800-ஐத் தாண்டி ஏறிவிட்டால் உலோகம் மறுபடி ஆஸ்டெனைட்டாக மாறத் தொடங்கும், பழைய துகள் அமைப்பு கெட்டுவிடும். திரும்ப 760-இல் வைத்தாலும் அது வராது. அந்தத் துண்டை முழுதாக 1040 டிகிரிக்கு மேல் நார்மலைஸ் செய்து (சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டு) டெம்பர் செய்ய வேண்டும், முடியாவிட்டால் வெட்டி எடுக்க வேண்டும். ரெக்கார்டர் ஓடும்போது பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

7. ஹார்ட்னஸ் (கடினத்தன்மை)

அல்ட்ராசானிக், மேக்னடிக் சோதனைகளை பிடபிள்யூஎச்டிக்குப் பிறகு செய்யுங்கள். ஹார்ட்னஸ் எடுக்கும் முன் மேல்தோலை அரை முதல் ஒரு மி.மீ. கிரைண்ட் செய்து பாலிஷ் செய்ய வேண்டும். சூட்டில் கார்பன் இழந்த தோல் பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டும். வெல்டில் பிரினெல் என்ற கடினத்தன்மை அளவில் 200 முதல் 270 வரை வந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் டெம்பரிங் போதவில்லை, சார்ட்டைப் பார்த்து மறுபடி பிடபிள்யூஎச்டி செய்யலாம்.

190-க்குக் கீழே வந்தால் உடனே ஜாயின்ட்டை ஒதுக்காதீர்கள். இன்னும் கால் மி.மீ. கிரைண்ட் செய்து, பக்கத்துப் புள்ளிகளிலும் அடிப்படைக் குழாயிலும் எடுத்துப் பாருங்கள். அப்போதும் குறைவாகவே நின்றால் அந்த இடம் மெத்தென்று ஆகிவிட்டது. எக்ஸ்ரே எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சார்ட்டையும் ரீடிங்கையும் சேர்த்து இன்ஜினீயரிடம் கொடுங்கள், அவர் முடிவு சொல்லும் வரை அந்த லைனில் இன்சுலேஷன் மூட விடாதீர்கள்.