டிரைவ் ஷாஃப்ட் திரும்பத் திரும்பப் போகிறதா? புதுசு வாங்கும் முன் பழையதைப் பிரித்துப் பாருங்கள்

கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுதான் டிரைவ் ஷாஃப்ட். என் பழைய காரில் 14 மாதத்துக்குள் இடது பக்க டிரைவ் ஷாஃப்ட் இரண்டு தடவை போனது. "ஷாஃப்ட் அடி வாங்கிருச்சு, மாத்திடலாம் சார்" என்றுதான் இரண்டு முறையும் சொன்னார்கள். எதனால் அடி வாங்கியது என்று யாரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவது ஷாஃப்டுக்குப் பணம் எடுத்து வைத்த பிறகுதான் கழற்றியதை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். அன்று தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

இது மாருதி 800, ஆல்டோ, சாண்ட்ரோ போல முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளுக்கு. அம்பாசடர், ஆம்னிக்குப் பொருந்தாது. ஒவ்வொரு ஷாஃப்டிலும் இரண்டு சி.வி. ஜாயிண்ட் (மடங்கினாலும் சீரான வேகத்தில் சுழலும் இணைப்பு) உண்டு. சக்கரப் பக்கம் இருப்பது வெளி ஜாயிண்ட். உள்ளே 6 குண்டுகள், ஸ்டீயரிங்கோடு சேர்ந்து மடங்கும். கியர்பாக்ஸ் பக்கம் உள் ஜாயிண்ட். பெரும்பாலும் ஒரு கிண்ணத்துக்குள் 3 உருளைகள், குழியில் சக்கரம் ஏறி இறங்கும்போது முன்னும் பின்னும் நகரும். ரெண்டையும் கிரீஸ் வெளியேறாமல், மண் புகாமல் ரப்பர் பூட் (உறை) மூடியிருக்கும்.

முதலில் எந்த ஜாயிண்ட் என்று கண்டுபிடியுங்கள். ஆளில்லாத மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். 'டக் டக்' என்று கேட்டால் வெளி ஜாயிண்ட். நேர் ரோட்டில் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது நடுங்கி, காலை எடுத்ததும் நடுக்கம் நின்றால் உள் ஜாயிண்டைச் சந்தேகப்படுங்கள். எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டரில் போனது என்பதை எழுதி வையுங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனால் மட்டமான உதிரிபாகமோ, மாட்டிய விதமோ காரணமாக இருக்கலாம். ஒரே பக்கம், ஒரே ஜாயிண்ட் என்றால் வண்டியைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, பழைய ஷாஃப்டைப் பிரியுங்கள். இதைத் தவறவிடவே கூடாது. ரப்பர் உறையை அறுத்து, கிரீஸைக் கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேயுங்கள். நறநறவென்று இருந்தால் மண் புகுந்திருக்கிறது: பூட் கிழிந்ததோ, பூட்டின் ஓரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் சரியாகக் கடிக்காததோதான் காரணம். இரும்பு நீலம் பாய்ந்திருந்தால் கிரீஸ் இல்லாமல் சூடேறி ஓடியிருக்கிறது.

என்னுடையதில் இவை எதுவும் இல்லை. பூட் முழுசாக இருந்தது, கிரீஸ் வழவழவென்று இருந்தது. ஆனால் உள் ஜாயிண்டின் கிண்ணத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தபோது, உருளைகள் ஓடிய தடம் நடுவில் இல்லை. ஒரு ஓரத்தில் மட்டும் பள்ளம் விழுந்திருந்தது. அப்படியென்றால் எஞ்சின் தன் இடத்தில் இல்லாமல் இருக்கலாம்.

அதனால் அடுத்து பார்க்க வேண்டியது எஞ்சின் மவுண்ட், அதாவது எஞ்சினை வண்டியோடு பிடித்து வைக்கும் ரப்பர் தாங்கி. டார்ச் அடித்து ரப்பரைப் பாருங்கள். என் வண்டியில் ஒரு மவுண்டின் விரிசலுக்குள் நகமே நுழைந்தது. வெளியே தெரியாவிட்டால், பானெட்டைத் திறந்துவைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் நன்றாக மிதித்தபடி, முதல் கியரிலும் பிறகு ரிவர்ஸிலும் கிளட்சைக் கொஞ்சமாக விடும்படி உள்ளே உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் துள்ளிச் சாய்ந்தால் மவுண்ட் போய்விட்டது.

மவுண்ட் நன்றாக இருந்தால் சக்கரத்துக்கு வாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, டயரை 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) புஷ்ஷின் ரப்பரையும் பாருங்கள். வண்டியைச் சமதரையில் இறக்கி, வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால், ஸ்பிரிங் தளர்ந்திருப்பதோ, யாரோ உயர்த்தி வைத்திருப்பதோ தெரியும். உயரம் மாறினால் ஜாயிண்ட் எப்போதும் தவறான கோணத்தில் ஓடும்.

புதுசு மாட்டும்போது: பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளத்தையும் முனையில் உள்ள பற்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். ஷாஃப்டை ஒரு முனையில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் தூக்கிக் கட்டுங்கள். கியர் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ஆயில் சீலையும், சக்கர நடுவில் ஷாஃப்டைப் பிடிக்கும் ஹப் நட்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். நட்டை மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் கருவி) வைத்து முறுக்க வேண்டும். குத்துமதிப்பாக இறுக்கினால் பேரிங் கெடலாம். ஷாஃப்டைக் கழற்றும்போது ஒழுகிய அளவுக்குக் கியர் ஆயிலை நிரப்ப மறக்காதீர்கள்.

நான் மவுண்டையும் ஷாஃப்டையும் சேர்த்து மாற்றினேன். 500 கிலோமீட்டர் ஓடியதும் சக்கரத்தின் உள்பக்கத்தில் கிரீஸ் தெறித்திருக்கிறதா, கிளாம்ப் இடம் மாறியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இரண்டுமே இல்லை.