கறிவேப்பிலைத் தொட்டியில் யார் யாரை உண்கிறார்கள்?

உயிர்கள் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்து வாழ்கின்றன என்று பார்க்கக் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் வெயில் படும் இடத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தால் போதும். நடக்க 1.2 மீட்டர் வழி விட்டுத் தொட்டியை வையுங்கள்.

காலையில் கொழுந்து இலைகளைப் புரட்டிப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய பூச்சிகள் அப்பியிருந்தால் அவை அசுவினி. சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய சர்க்கரையைத் தேன்துளியாக வெளியேற்றும். எறும்பு வருவது அந்தத் துளிக்குத்தான். பதிலுக்கு அசுவினியைத் தின்ன வருபவற்றை விரட்டிவிடும். துளி சிந்திய இலையில் கரும்பூஞ்சணம் படர்ந்து வெயிலை மறைக்கும். ஆக, இலை கறுத்தால் பூஞ்சண மருந்து தேடாதீர்கள், மேலே இருக்கும் அசுவினியைத் தேடுங்கள்.

அதே கொழுந்தில் கறுத்த உடலும் ஆரஞ்சுப் புள்ளிகளுமாக, குட்டி முதலை போல ஒரு புழு ஊர்ந்தால் தயவுசெய்து நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு; அசுவினிதான் அதன் சாப்பாடு. பூச்சிமருந்து அடித்தால் இரண்டுமே சாகும். ஆனால் அசுவினி ஆண் துணையின்றியே குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரத்தில் தானும் குட்டி போடத் தொடங்கும். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக வளர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். மருந்துக்குப் பிறகு அசுவினி முன்பைவிட அதிகமாகப் பெருகுவது இதனால்தான்.

முதலில் எறும்பை நிறுத்துங்கள். தண்டைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு டேப் ஒட்டி, அதன்மேல் வாசலின் (Vaseline) களிம்பு தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவக்கூடாது. ஒரு கிளை சுவரையோ கம்பியையோ தொட்டுக்கொண்டிருந்தாலும் எறும்பு அதன் வழியே ஏறிவிடும், அதை வெட்டுங்கள். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தும் பழைய வழி இங்கே வேண்டவே வேண்டாம். 20 காசு நாணய அளவுத் தண்ணீரே ஏடிஸ் கொசு முட்டையிடப் போதும்.

அடுத்து, செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். தாழ்வாரத்தில் செய்தால் கீழ்வீட்டுத் துணிகள் நனையும். அப்படியும் போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, ஒரு கிளையில் மட்டும் தெளித்து ஒரு நாள் பாருங்கள். இலை கருகாவிட்டால் மற்றக் கிளைகளுக்கும் மாலையில் அடித்து, சற்றுநேரம் கழித்துக் கழுவிவிடுங்கள். பொறிவண்டுக் குஞ்சுகளை முன்பே எடுத்து வேறு செடியில் விட்டுவிடவேண்டும். தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தையும் குறையுங்கள். அளவுக்கு மீறிய கொழுந்து அசுவினிக்கு விருந்து.

கறிவேப்பிலையைத் தின்னும் வண்ணத்துப்பூச்சிப் புழு வேறு கதை. சிறிதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே தெரியும், அதனால் பறவை கொத்தாது. பிறகு பச்சையாகும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் விடும். பெரும்பகுதி இலையை அது தின்பது பச்சையான பிறகு, கடைசிச் சில நாள்களில்தான். இரண்டடிச் செடியில் இரண்டு புழுவுக்குமேல் விடாதீர்கள். மீதியை எலுமிச்சைச் செடி வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடம் கேட்டு அங்கே மாற்றலாம். கூட்டுப்புழுவில் ஊசித் துளை இருந்தால் ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து வெளியேறிவிட்டது என்று பொருள். துளை இல்லாததைத் தொடாமல் விடுங்கள்.